திண்டுக்கல் மாணவனும் பன்னிரண்டு கதிரைகளும்

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று சங்கத்துத் தம்பிமார் என்னை இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். முதல் தரம் "பார்ப்பம்" என்று சொல்லித் தப்பிக் கொண்டேன். இரண்டாந்தரம் கேட்டபோது, சென்ற ஆண்டு முழுவதும் மனதில் கிடந்து உருண்ட ஒரு விஷயத்தை எழுதிவிடுவது நல்லதென்று பட்டது. நான் சரித்திரம் படித்தவனுமல்ல, சங்கீத வித்துவானுமல்ல. ஊரில் இருபத்தைந்து வருஷம் கணக்குப் படிப்பித்தவன். ஆகவே பிழை இருந்தால் அறிந்தவர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

என் பேத்திக்குப் பதின்மூன்று வயது. மேற்குச் சிட்னியில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரி என்றதும் பெரிய படிப்பு என்று நினைக்க வேண்டாம். இங்கே பாலர் வகுப்பில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடத்தையும் கொலிஜ் என்றுதான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாங்கள் அப்படித்தானே சொன்னோம்? வீட்டுக்குக் கிட்ட, வகுப்பில் பிள்ளைகள் குறைவு, வயலின் படிப்பிக்கிறார்கள் என்பதற்காக மகளும் மருமகனும் அங்கே சேர்த்தார்கள்.

இதைப் பற்றி எங்கட ஆட்களுக்குள் ஒரு கதை எழும்பியது. ஒரு கலியாண வீட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர், நாலு பேர் கேட்கத்தக்கதாக, "மாஸ்ரர், பிள்ளையை வேதக்காரப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டியள். இனி அவள் தேவாரம் பாடுவாளோ? பியானோவும் கிற்றாரும்தான்" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை. நாட்டை விட்டு வந்தவனுக்கு இருக்கிற பெரிய பயம் அதுதானே. வீடு போனது, காணி போனது. பிள்ளையின் வாயில் இருக்கிறதும் போய்விட்டால் பிறகு எங்களிடம் என்ன மிச்சம்?

அந்தப் பயத்துக்கு மருந்து தேடப்போய்த்தான் நான் ஆபிரகாம் பண்டிதரைக் கண்டுபிடித்தேன்.

பேத்தி கேட்ட கேள்வி

சென்ற வருஷம் பேத்தியின் சங்கீத ரீச்சர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தா. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பழைய பாட்டைக் கேட்டு, சுரக்குறிப்பு எழுதி, அதன் சுர அமைப்பு எப்படி வந்தது என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். பிள்ளை என்னிடம் வந்தாள். நான் சின்னனில் கோயிலில் ஓதுவாரிடம் கேட்டுப் பாடமாக்கிய ஒரு தேவாரத்தைப் பழம்பஞ்சுரப் பண்ணில் பாடினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு அதை வயலினில் அப்படியே வாசித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கேட்டாள்: "அம்மப்பா, ஏன் இந்த ஏழு சுரம்? வேற சுரம் ஏன் வரேல்லை?"

"அது அப்பிடித்தான் பிள்ளை. அது பழம்பஞ்சுரம்."

"அப்பிடித்தான் எண்டு எழுதேலாது, அம்மப்பா."

கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்? முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று "ஏனென்று கேள்" என்று படிப்பித்தவன் நான். என் சொந்தப் பாட்டைப் பற்றி ஒரு "ஏன்" எனக்குத் தெரியவில்லை.

ஊரில் எங்கட அலுமாரியில் விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் ஒரு பிரதி இருந்தது. ஐயா வாங்கி வைத்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது, அரிசியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் எடுத்தோம். யாழ் நூலை எடுக்கவில்லை. அது இருந்த காலத்தில் நான் அதைத் திறந்து பார்த்ததும் இல்லை. இழந்த பிறகுதான் தேடுகிறோம். இங்கே இணையத்தில் தேடும்போது, யாழ் நூலுக்கும் முப்பது வருஷம் முந்திய இன்னொரு பெரிய புத்தகம் கிடைத்தது. அதுதான் 1917ஆம் ஆண்டு தஞ்சாவூரில் வெளிவந்த "கருணாமிர்த சாகரம்". ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்கள். எழுதியவர் ஆபிரகாம் பண்டிதர். பெயரைப் பார்த்தீர்களா? வேதக்காரர்! படித்ததும் ஒரு சிறிய கிறிஸ்தவப் பயிற்சிக் கல்லூரியில்.

திண்டுக்கல்லில் ஒரு மாணவன்

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி, தென்காசிக்குக் கிட்ட உள்ள சாம்பவர் வடகரை என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் முத்துசாமி, தாய் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம், பெரிய வசதி இல்லை. அந்தக் காலத்தில் இப்படியான பிள்ளைக்குத் திறந்திருந்த வாசல் ஒன்றுதான்: ஆசிரியப் பயிற்சி. 1870களில் திண்டுக்கல்லில் கிறிஸ்தவ சபையார் நடத்திய நார்மல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியராகவும் வேலை பார்த்தார்.

பயிற்சிப் பள்ளி என்றால் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்திமாரை உண்டாக்குகிற இடம். சங்கீத வித்துவானை உண்டாக்குவதற்காக அதை ஒருவரும் கட்டவில்லை. ஆனாலும் அந்தப் பையன் அங்கே இருந்த காலத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தான். படம் பிடிக்கிற கலை, அச்சுத் தொழில், வான சாஸ்திரம், தோட்டக் கலை என்று ஒன்றையும் விடவில்லை. பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே, திண்டுக்கல் ஊருக்குள், சடையாண்டிப் பத்தர் என்ற வித்துவானிடம் போய்ப் பிடில் கற்றான்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தி யோசித்தேன். பள்ளிக்கூடம் அவருக்குக் கணக்கையும், கருவிகளைக் கையாளும் பழக்கத்தையும், ஒன்றைப் பிரித்துப் பார்த்து எழுதும் ஒழுங்கையும் கொடுத்தது. ஊர் அவருக்கு இசையைக் கொடுத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கருணாமிர்த சாகரம் வந்திராது. பள்ளிக்கூடம் பிள்ளையை மாற்றிவிடும் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்பதல்ல. மாலையில் அது போய் நிற்க ஒரு சடையாண்டிப் பத்தர் வீடு இருக்கிறதா என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கற்ற பிடிலே எங்கட ஊர் வாத்தியம் அல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, நம் இசைக்கு ஏற்றபடி வாசித்தார் என்பது வரலாறு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை அரண்மனைச் சபைகளுக்குக் கொண்டு போனார். கடல் கடந்து வந்த வாத்தியம், நூறு வருஷத்துக்குள் கச்சேரி மேடையில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டது. இன்று வயலின் இல்லாமல் ஒரு பாட்டுக் கச்சேரி நினைத்துப் பார்க்க முடியுமா? வந்து குடியேறியவர் எல்லோரும் தம்மை இழந்துதான் போவார்கள் என்றில்லை.

பண்டிதருக்கு முன்னும் இப்படி ஒருவர் இருந்தார். திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவனாக இருக்கும்போதே சுவார்ட்சு பாதிரியார் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பித்தார். அவரோ பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி என்ற தமிழ்க் கூத்து வடிவத்துக்குள் பெத்லகேமைக் கொண்டு வந்தார். பாதிரிமார் படிப்பித்தார்கள், பிள்ளைகள் தமிழாகத்தான் பாடினார்கள்.

மாத்திரை விற்ற காசில் மாநாடு

1882 டிசம்பரில் பண்டிதருக்குக் கலியாணம் நடந்தது. மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியைதான். இருவரும் தஞ்சாவூருக்கு வந்து நேப்பியர் சீமாட்டி பெண்கள் பள்ளியில் படிப்பித்தார்கள். அதோடு பண்டிதர் சித்த வைத்தியமும் பார்த்து வந்தார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டு மூலிகை ரகசியங்களைக் கற்றார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அந்தக் குருவின் பெயரைத்தான் வைத்தியசாலைக்கும், தோட்டத்துக்கும், கடைசியில் இசை நூலுக்கும் வைத்தார். ஒரு கிறிஸ்தவர், சித்தர் மரபில் வந்த குருவின் பெயரைத் தம் வாழ்நாள் உழைப்பின் நெற்றியில் எழுதினார். எங்களுக்குள் சைவம், வேதம் என்று வேலி போடுகிறவர்கள் இதை ஒருக்கால் நினைத்துப் பார்க்கட்டும்.

1890இல் ஆசிரிய வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். அவருடைய கோரோசனை மாத்திரை இந்தியா முழுவதும் போனது. ஊர் மக்கள் பண்டிதர் தோட்டம் என்று சொன்ன பெரிய பண்ணையில் கரும்பும் மூலிகையும் வளர்த்தார். அரசாங்கம் 1909இல் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. பணம் சேர்ந்தது. வேறொருவர் என்றால் காணி வாங்கியிருப்பார். இவர் சங்கீதத்துக்குச் செலவழித்தார்.

1912ஆம் ஆண்டு மே 27ஆந் திகதி தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பை நிறுவினார். அடுத்த சில வருஷங்களில் தஞ்சாவூரிலேயே பல இசை மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்து, தங்க வைத்து, சாப்பாடு போட்டு, வழிச் செலவும் கொடுத்தார். எல்லாம் சொந்தப் பணம். ராஜாவிடமும் கேட்கவில்லை, சபாக்களிடமும் கேட்கவில்லை. சாரங்கதேவர் சொன்னது பிழை என்று துணிந்து எழுத அவருக்கு முதுகெலும்பு கொடுத்தது, மாத்திரை விற்ற அந்தக் காசுதான் என்று நான் நினைக்கிறேன்.

அது என்ன பிழை? சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ச-வில் இருந்து மேல் ச வரை உள்ள இடைவெளியை ஒரு ஸ்தாயி என்கிறோம். அதற்குள் 22 சுருதிகள் என்று பரதரும், 13ஆம் நூற்றாண்டுச் சாரங்கதேவரும் எழுதினார்கள். எல்லோரும் அதைப் பாடமாகச் சொல்லி வந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பழந்தமிழர் கணக்கு 12, அதன் இரட்டிப்பு 24, அவையும் சமமான பங்குகள் என்று வாதித்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போனபோது வெறும் கையோடு போகவில்லை. தம் குடும்பத்துப் பெண்கள் மரகதவல்லி, கனகவல்லி இருவரையும் கூட்டிப்போய், தம் கணக்கைப் பாடியும் வாசித்தும் காட்டச் செய்தார். 1916இல் பெண்பிள்ளைகள் அறிஞர் சபையில் இசை ஆராய்ச்சிக்குச் சாட்சியாக நின்றார்கள்!

எல்லோரும் ஏற்றுக் கொண்டார்களா? இல்லை. இன்றுவரை அந்த விவாதம் முடியவில்லை. அவர் நூலின் முற்பகுதியில் கடல் கொண்ட பெருங்கண்டம் பற்றி எழுதியவற்றை இன்றைய நிலவியல் ஒப்புக் கொள்ளாது. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. "ஏன்?" என்று கேட்டால் "அது அப்பிடித்தான்" என்று சொல்லியிருந்த ஒரு துறையில், கணக்குப் போட்டுக் காட்டு என்று சொன்னார். தாமே போட்டும் காட்டினார். தம் சொந்த அச்சகத்திலேயே அச்சடித்தார். நூல் வந்து இரண்டு வருஷத்தில், 1919 ஆகஸ்ட் 31ஆந் திகதி கண்ணை மூடினார். இரண்டாம் பாகத்தை 1946இல் வெளிக்கொண்டு வந்தவர், பரோடாவுக்குப் போன அதே மரகதவல்லி.

மட்டக்களப்பில் இருந்து வந்த பதில்

எங்கட நாட்டுக் கதைக்கு வருவோம். விபுலாநந்த அடிகள் 1892இல் காரைதீவில் மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்தார். அவர் படித்த இடங்களைப் பாருங்கள்: வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் தொடங்கிய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, பிறகு புனித மிக்கேல் கல்லூரி. படிப்பித்த இடங்களில் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியும் ஒன்று. அங்கே அவர் விஞ்ஞான ஆசிரியர். அந்தச் சைவப் பிள்ளை பாதிரிமாரிடம் விஞ்ஞானமும் கணக்கும் படித்து, பின்னாளில் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு போய்ச் சிலப்பதிகாரத்தைத் திறந்தார். அழிந்துபோன யாழ்களைக் கணக்கிட்டு மீட்டார்.

யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். கரந்தை என்பது தஞ்சாவூரை ஒட்டிய ஊர், அதாவது பண்டிதரின் ஊர். ஆறு கிழமைகளுக்குப் பிறகு, ஜூலை 19ஆந் திகதி அடிகள் மறைந்தார். இரண்டு பேரும் நூலைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் காத்திருந்தார்கள் போலும்.

இருவருக்கும் கணக்கு ஒத்துப் போகவில்லை. பண்டிதர் 24 என்றார். அடிகள் 22 அலகு என்றே கணக்கிட்டார். கணக்கு வாத்தியான் எனக்கு இந்தச் சண்டையின் வேர் விளங்கியபோது பெரிய சந்தோஷம். கேளுங்கள். ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று. அதாவது ப-வின் அதிர்வு ச-வின் அதிர்வைப் போல ஒன்றரை மடங்கு. ச-வில் இருந்து ப, அந்தப் ப-வை ச என்று வைத்து அடுத்த ப என்று பன்னிரண்டு தரம் ஏறினால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். ஆனால் ஒன்றரையைப் பன்னிரண்டு தரம் பெருக்கிப் பாருங்கள்: 129.7 வரும். வரவேண்டியதோ ஏழு ஸ்தாயி, அதாவது இரண்டை ஏழு தரம் பெருக்கினால் வரும் 128. கொஞ்சம் கூடிப் போகிறது. வட்டம் சரியாக மூட வேண்டும் என்றால் ஒவ்வொரு படியிலும் மயிரிழை குறைத்துச் சமமாக்க வேண்டும். பியானோவில் அப்படித்தான் செய்கிறார்கள். பண்டிதரும் சம பங்கு என்றார். காதுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் வட்டம் மூடாது. இதுதான் விஷயம். இருவரும் பார்த்தது ஒரே வட்டத்தை. ஒருவர் அதை மூடப் பார்த்தார். மற்றவர் காதைக் காப்பாற்றப் பார்த்தார்.

பன்னிரண்டு கதிரைகள்

இதைப் பேத்திக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வழி சிலப்பதிகாரத்திலேயே இருந்தது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்தின் பெயரையும் அவர்களுக்கு வைத்து, வட்டமாக நிறுத்தி ஆட வைக்கிறாள். கண்ணகிக்கு வரப்போகிற துன்பம் தெரியாமல், கெட்ட சகுனம் கண்டு பயந்து, மனதைத் தேற்ற ஆடுகிற ஆட்டம் அது. ஊர் எரிய முன்னம் பாடிய பாட்டு. எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு, மண்டபத்தில் பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளை வட்டமாக அடுக்கி, 1 முதல் 12 வரை இலக்கம் ஒட்டினேன். ஏழு பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பழைய உரைகள் சொல்கிற வரிசைப்படி தாரத்தில் தொடங்கினோம். தாரம் 11ஆவது கதிரையில் இருந்தாள். இருந்த கதிரையையும் சேர்த்து எட்டு எண்ணினால் உழைக்கு 6ஆவது கதிரை. அதில் இருந்து எட்டு எண்ணினால் குரலுக்கு 1. அடுத்து இளிக்கு 8, துத்தத்துக்கு 3, விளரிக்கு 10, கைக்கிளைக்கு 5. ஏழு பேரும் இருந்துவிட்டார்கள். ஐந்து கதிரை வெறுமை.

"இப்ப குரலில் தொடங்கி ஒவ்வொருத்தராகப் பாடுங்கோ" என்றேன். பேத்தி வயலினை எடுத்து வாசித்தாள். அரிகாம்போதி வந்தது. பழந்தமிழர் அதற்கு வைத்த பெயர் செம்பாலை. துத்தத்தில் தொடங்கி ஒரு சுற்று வந்தார்கள்: நடபைரவி. இளியில் தொடங்கினார்கள்: கரகரப்பிரியா. விளரியில் தோடி. ஒரு பிள்ளையும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தொடங்குகிற இடம் மட்டும் மாறுகிறது, இராகம் மாறுகிறது.

கடைசியில் உழையில் தொடங்கச் சொன்னேன். ஏழு சுரமும் முடிய முன்னமே பேத்தி வில்லை நிறுத்திவிட்டாள்.

"அம்மப்பா, இது மேஜர் ஸ்கேல்! இது எங்கட கொலிஜில முதல் நாள் படிப்பிச்சது."

"அது சங்கராபரணம், பிள்ளை. சிலப்பதிகாரக் காலத்தில் அரும்பாலை. நீ வாசிச்ச பழம்பஞ்சுரத் தேவாரமும் சங்கராபரணத்திலதான் பாடுறது."

அவள் வட்டத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். "இந்த எட்டு எட்டா எண்ணுறதும் ரீச்சர் படமாக் கீறிக் காட்டினவா. சுவரில ஒட்டியிருக்கு" என்றாள். உண்மைதான். ஐந்தாம் சுரங்களின் வட்டம் என்று மேல்நாட்டு இசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிப்பிக்கிற படம் அது. அதே வட்டத்தை இளங்கோவடிகள் பெண்பிள்ளைகளை நிறுத்திக் காட்டியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான்.

பிள்ளை இரண்டு பக்கம் எழுதச் சொன்னதற்கு ஐந்து பக்கம் எழுதினாள். பன்னிரண்டு கதிரையையும் ஏழு பெயரையும் கீறி, பெயர்களைத் தமிழில் எழுதினாள். அந்தத் தாளை ரீச்சர் வாங்கி, சங்கீத அறைச் சுவரில் அந்த வட்டப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டாவாம். ஒரு வேதக்காரப் பள்ளிக்கூடத்துச் சுவரில் இப்போது குரல், துத்தம், கைக்கிளை என்று தமிழ் எழுத்து இருக்கிறது. கலியாண வீட்டில் என்னைக் கேட்டவருக்கும் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை தன் பேரனையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். கதிரை அடுக்கித் தந்தவர் அவர்தான்.

அன்பான வாசகர்களே, இந்த மலரை வாசிக்கிறவர்களில் சைவரும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு, மற்றச் சபையாரும் உண்டு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் விமானத்தில் வந்தவர்களும் உண்டு. பிற்காலத்தில் வள்ளத்தில் வந்து, விசா வருமோ வராதோ என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் இருக்கிற பயம் ஒன்றுதான் என்று தொடக்கத்தில் சொன்னேன். பயந்து கதவைச் சாத்துவதால் ஒன்றும் தப்பாது. பண்டிதரும் அடிகளும் கதவைச் சாத்தின வீடுகளில் இருந்து வரவில்லை. பிள்ளைகள் வெளியே படித்துக்கொண்டு வருகிற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிச் சேர்ந்து தேட வேண்டும். "அது அப்பிடித்தான்" என்ற சொல்லுக்குத்தான் பிள்ளைகள் எங்களை விட்டுப் போவார்கள், பள்ளிக்கூடத்தால் அல்ல.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்குள் பண்ணோடு தேவாரம் பாடத் தெரிந்தவர்கள், கூத்துப் பாட்டுத் தெரிந்தவர்கள், பழைய கீர்த்தனையும் பாஸ்காப் பாட்டும் தெரிந்தவர்கள் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இன்னும் இருக்கிறார்கள். வயது போகிறது. பாட்டு முழுவதையும், யாரிடம் எங்கே படித்தார்கள் என்பதையும் இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்து வையுங்கள். நான் அலுமாரியில் விட்டுவிட்டு வந்த யாழ் நூலை இணையத்தில் திரும்பவும் எடுத்துவிட்டேன். மனிதரின் தொண்டைக்குள் இருப்பதை அப்படி எடுக்க முடியாது.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கதிரைகள் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. ஐந்து கதிரை எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும், அது கணக்கு. மற்ற ஏழும் நிரம்ப வேண்டும்.

எல்லோருக்கும் என் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.